மொறிஸ் மைனரை மின்சாரத்தில் ஓட வைப்பது: எங்கே தொடங்குவது, எதில் கை வைக்கக் கூடாது

யாழ்ப்பாணத்தில் 1990களில் பொருளாதாரத் தடை இருந்த காலத்தில் மொறிஸ் மைனர்கள் மண்ணெண்ணெயில் ஓடின. சின்னப் போத்தலில் பத்திரப்படுத்திய பெற்றோலைக் கொஞ்சம் கார்புரேட்டருக்குக் காட்டி எஞ்சினைக் கிளப்பி, அது சூடானதும் மண்ணெண்ணெய்க்கு விடுவார்கள். அந்தப் புகை மணத்தோடு அப்பாவுக்குப் பக்கத்துச் சீற்றில் இருந்து வளர்ந்தவன் நான். அதனால் "பெற்றோல் எஞ்சினைக் கழற்றினால் அது மைனரே இல்லை" என்று யாராவது சொன்னால் என்னால் ஒப்புக்கொள்ள முடிவதில்லை. கிடைத்ததைக் குடித்து ஓடிய கார் அது. இப்போது இங்கிலாந்தில் என்னிடம் இருக்கும் 1966ஆம் ஆண்டு இரண்டு கதவு மைனர் மின்சாரத்தில் ஓடுகிறது. எப்படிச் செய்யலாம் என்று கேட்பவர்களுக்கு ஒவ்வொரு முறையும் அரைகுறையாகப் பதில் சொல்லி வந்தேன், இந்த முறை முழுதாக எழுதி விடுகிறேன்.

முதலில் ஒரு கணக்கை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். 1098 சிசி மைனரின் சக்தி 48 குதிரை, முறுக்குவிசை சுமார் 81 நியூட்டன் மீற்றர், காரின் எடை 770 கிலோ அளவில். கியர்பொக்ஸ், பின் அச்சு, அரை அச்சுகள், பிரேக் எல்லாமே இந்த அளவுக்குச் செய்யப்பட்டவை. கார் மாற்றத்துக்கென்று இன்று சந்தையில் கிடைக்கும் மின்சார மோட்டர்களில் பெரும்பாலானவை இதைவிடப் பலசாலி. ஆகவே "எவ்வளவு பெரிய மோட்டர் போடலாம்" என்று யோசிக்கத் தொடங்கினால் தொடக்கமே பிழை. 48 குதிரைக்குச் செய்த காரை 48 குதிரைக்குள் வைத்திருப்பதுதான் வேலை. நான் பார்த்த, பாதியில் நின்றுபோன மைனர்கள் எல்லாம் இந்த இடத்தில்தான் தடுக்கி விழுந்தவை.

இரண்டாவது, காரை வெட்டாதீர்கள். ஒரு துளை போடுவதாக இருந்தாலும் ஏற்கெனவே இருக்கும் துளையைப் பயன்படுத்த முடியுமா என்று பாருங்கள். எஞ்சின் மவுண்டிங், ரேடியேட்டர் போல்ட், பெற்றோல் தாங்கியின் போல்ட் என்று எல்லாவற்றுக்கும் பழைய இடங்கள் இருக்கின்றன, புதிய பிராக்கெற்றுகளை அவற்றில் பிடிக்கலாம். கழற்றிய எஞ்சினை எண்ணெய் விட்டு, மூடிக் கட்டி, ஒரு மூலையில் வையுங்கள். பழைய வாகனங்களுக்கான உலகக் கூட்டமைப்பான ஃபிவாவும் இதைத்தான் சொல்கிறது: மாற்றுவதாக இருந்தால் திருப்பி எடுக்கக்கூடிய மாதிரி மாற்றுங்கள், கழற்றியதைப் பத்திரப்படுத்துங்கள் என்று. உங்களுக்குப் பிறகு இந்தக் கார் இன்னொருவரிடம் போகும், அவருக்கு அந்த எஞ்சின் வேண்டியிருக்கலாம்.

மோட்டர் வாங்குவதற்கு முன் காரை ஜாக்கியில் தூக்கி அடியில் படுங்கள். மைனர் துருப்பிடிக்கும் இடங்கள் தெரிந்தவைதான்: முன் சசி கால்கள், நடுக் குறுக்குச் சட்டம், கதவுக்குக் கீழ் இருக்கும் சில், பின் லீஃப் ஸ்பிரிங் தொங்கும் இடம், ஜாக்கி வைக்கும் இடம். ஸ்குரூட்றைவரால் குத்திப் பாருங்கள், உள்ளே போனால் அங்கே தகரம் இல்லை, பெயின்ற் மட்டும்தான். பற்றரியின் எடையைத் தாங்கப் போவது இந்த இடங்கள் என்பதால் வெல்டிங் வேலையை இப்போதே முடியுங்கள். பெற்றோல் தாங்கியையும் குழாயையும் முழுதாகக் கழற்றி வெளியே கொண்டுபோன பிறகுதான் வெல்டிங், அதில் சமரசம் வேண்டாம்.

அப்புறம் எடை. நாலு சில்லுக்கும் கீழே தராசு வைத்து, எதையும் கழற்றாத காரை நிறுத்து எழுதி வையுங்கள். இதை விட்டுவிட்டால் பிறகு எதையும் ஒப்பிட முடியாது. எஞ்சின், ரேடியேட்டர், டைனமோ, சைலன்சர், பெற்றோல் தாங்கி எல்லாவற்றையும் கழற்றக் கழற்ற நிறுத்துக் குறித்துக்கொள்ளுங்கள். போகிற எடைக்குள், போகிற இடத்திலேயே, வருகிற எடையை வைக்க முடிந்தால் கார் முன்பு போலவே வளையும், முன்பு போலவே நிற்கும்.

மைனருக்கு இதில் ஒரு அதிர்ஷ்டம் உண்டு. அலெக் இசிகோனிஸ் இந்தக் காரை வரையும்போது படுத்த மாதிரியான நாலு சிலிண்டர் எஞ்சின் ஒன்றைத்தான் மனதில் வைத்திருந்தார், அதற்காக எஞ்சின் அறையை அகலமாக விட்டார். அந்த எஞ்சின் கைவிடப்பட்டு, 1948இல் கார் வெளிவரும்போது மொறிஸ் 8இன் பழைய 918 சிசி எஞ்சின்தான் உள்ளே இருந்தது. போதாததற்கு, கடைசி நேரத்தில் மாதிரிக் காரை நடுவால் பிளந்து நாலு அங்குலம் அகலப்படுத்தினார், பொனற் நடுவில் இருக்கும் அந்தத் தட்டைப் பட்டி அதன் அடையாளம். ஒடுங்கிய எஞ்சினுக்கு இரண்டு பக்கமும் வெறுமையாகக் கிடந்த அந்த இடம்தான் இன்றைக்கு நமக்குப் பற்றரிப் பெட்டி வைக்கும் இடம்.

இனி மோட்டர். நிசான் லீஃப் என்ற மின்காரின் மோட்டரைப் போடுகிறவர்கள் உண்டு, அது 80 கிலோவாட், 350 வோல்ட்டுக்கு மேல் கேட்கும். மைனருக்கு அது அளவுக்கு மீறியது. நான் நூறு வோல்ட் அளவில் ஓடும், நெட்கெய்ன் நிறுவனத்தின் ஹைப்பர் 9 மோட்டரை எடுத்தேன், ஐம்பத்தைந்து கிலோவுக்குக் கிட்ட எடை. இதுவும்கூட முழுதாகத் திறந்துவிட்டால் 230 நியூட்டன் மீற்றருக்கு மேல் தரும், அதாவது பழைய எஞ்சினைப் போல மூன்று மடங்கு. மைனரின் அரை அச்சு அதைத் தாங்காது. மோட்டருக்கு மின்சாரத்தை அளந்து விடும் கொன்ட்ரோலரில் 100 நியூட்டன் மீற்றர், 36 கிலோவாட் என்று எல்லை போட்டுவிட்டேன். அந்த அளவிலேயே மேட்டில் ஏறும்போது பழைய எஞ்சினுக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் நன்றாகத் தெரியும், ஏனென்றால் முறுக்குவிசை சுழற்சி தொடங்கும்போதே முழுதாகக் கிடைக்கிறது.

கியர்பொக்ஸைக் கழற்றாதீர்கள். அதை வைத்துக்கொண்டால் ஸ்பீடோமீற்றர் கேபிள் பழைய இடத்திலேயே இருக்கும், டாஷ்போர்ட் நடுவில் இருக்கும் வட்ட மீற்றரும் முன்பு போல வேலை செய்யும். கிளச் தேவையில்லை. இரண்டாம் கியரில் போட்டுவிட்டு ஊருக்குள் ஓடலாம், பெரிய வீதியில் நாலாம் கியர். ஓடிக்கொண்டே மாற்றுவதாக இருந்தால் பெடலை விட்டு, ஒரு கணம் நியூட்ரலில் நிறுத்தி, ஆறுதலாகப் போட வேண்டும். முதல் கியருக்கு மைனரில் சிங்க்ரோ (பற்களின் வேகத்தைச் சமப்படுத்தும் அமைப்பு) கிடையாது, அது இனித் தேவையும் இல்லை.

மோட்டரையும் கியர்பொக்ஸையும் சேர்க்கும் தகட்டிலும் இணைப்பிலும்தான் முழு வேலையின் தரமும் இருக்கிறது, இங்கே நான் அடிபட்டேன், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். கியர்பொக்ஸின் உள்ளீட்டு அச்சின் நுனி மெல்லியதாக ஒடுங்கி இருக்கும். பழைய எஞ்சினில் அந்த நுனி கிராங்க் அச்சின் பின்பக்கத்தில் உள்ள ஒரு சின்ன வெண்கல புஷ்ஷுக்குள் போய் உட்கார்ந்திருக்கும். மோட்டருக்கு இணைப்புச் செய்யும்போது இந்த புஷ்ஷையும் இணைப்புக்குள் வைக்க வேண்டும். எனக்கு ஒரு பட்டறையில் கடைந்து தந்த முதல் இணைப்பில் அது இல்லை, கிளச் தட்டின் நடுவில் இருக்கும் பல் மட்டும் இருந்தது. பூட்டினேன், ஓடியது, சந்தோஷம். மூன்றாம் நாள், மூன்றாம் கியரில், மழையில் நனைந்த நாய் அழுவது போல ஒரு ஊளை. பெடலை விட்டால் நிற்கும், அழுத்தினால் வரும். எல்லாவற்றையும் திரும்பக் கழற்றிப் பார்த்தால் அச்சின் நுனி ஒன்றிலும் பிடியாமல் ஆடிக்கொண்டிருந்திருக்கிறது, அதன் பேரிங் போய்விட்டது. புது பேரிங், புஷ் வைத்த புது இணைப்பு, ஒரு மாத வேலை. ஆகவே இணைப்பு கைக்கு வந்ததும் முதல் வேலையாக அந்தத் துளைக்குள் சின்ன விரலை விட்டுப் பாருங்கள், வெண்கலம் தட்டுப்பட வேண்டும். பிறகு தகட்டைப் பூட்டி, டயல் கேஜ் வைத்து மோட்டர் அச்சைக் கையால் சுழற்றுங்கள். முள் 0.05 மில்லிமீற்றருக்கு மேல் ஆடினால் மேற்கொண்டு போகாதீர்கள்.

பற்றரிக்கு நான் பழைய நிசான் லீஃப் மொட்யூல்களை எடுத்தேன். முதல் தலைமுறை 24 கிலோவாட் மணி லீஃபில் 48 மொட்யூல்கள், ஒவ்வொன்றுக்கும் ஏழரை வோல்ட், 3.8 கிலோ எடை, புதிதாக இருக்கும்போது அரைக் கிலோவாட் மணி. கைக்கு அடக்கமான தகரப் பெட்டிகள், அடுக்க வசதி. அவற்றில் 42ஐ எடுத்து, மூன்று மூன்றாகப் பக்கம் பக்கமாக (சமாந்தரமாக) சேர்த்து, அப்படி 14 கூட்டங்களை வரிசையாக இணைத்தால் 105 வோல்ட். முன்னே பொனற்றுக்குக் கீழ் 24, பின்னே பெற்றோல் தாங்கி இருந்த இடத்தில் 18. மொத்தம் 160 கிலோ, பெட்டிகள் தனி.

எவ்வளவு தூரம் ஓடும் என்று எல்லோரும் கேட்பார்கள், கணக்கை நேர்மையாகப் போடுங்கள். 42 மொட்யூல் என்றால் புதிதில் 21 கிலோவாட் மணி. லீஃப் பற்றரிக்குக் குளிரூட்டும் வசதி இல்லாததால் பழையவை தளர்ந்திருக்கும், முக்கால்வாசி ஆரோக்கியம் என்று வைத்தால் 15.7. மேலேயும் கீழேயும் பத்து வீதத்தைத் தொடாமல் விட்டால் கைக்கு வருவது 12.5. மைனர் ஒரு கிலோமீற்றருக்கு சுமார் 150 வாட் மணி குடிக்கும் என்று எடுத்தால் 80 கிலோமீற்றருக்குச் சற்று மேல். எனக்கு அது போதும். கோயிலுக்கும் கடைக்கும் போகலாம், ஞாயிற்றுக்கிழமை ஒரு சுற்றும் போய்வரலாம். உங்களுக்கு 200 கிலோமீற்றர் வேண்டும் என்றால் இந்தக் காரை விட்டுவிடுங்கள், அவ்வளவு பற்றரியை ஏற்றினால் அது மைனராக ஓடாது.

விற்பவர் சொல்லும் ஆரோக்கிய வீதத்தை நம்பி வாங்க வேண்டாம். லீஃப் முழுதாக நிற்கும்போதே அதன் பற்றரி நிலையைக் காட்டும் லீஃப்ஸ்பை செயலியைப் பிடித்துப் பார்த்துவிட்டு வாங்குங்கள், மீற்றரில் எரியும் கோடுகளையும் எண்ணுங்கள், புதிதில் பன்னிரண்டு இருக்கும். மொட்யூல்களைப் பக்கம் பக்கமாகச் சேர்க்கும் முன் ஒவ்வொன்றின் வோல்டேஜையும் அளந்து, 0.01, 0.02 வோல்ட் வித்தியாசத்துக்குள் கொண்டுவந்த பிறகே சேர்க்க வேண்டும், இல்லாவிட்டால் நிறைந்தது வெறுமையானதுக்குள் ஒரே பாய்ச்சலாகப் பாயும். அடுக்கிய பிறகு இரண்டு முனையிலும் தடித்த தகடு வைத்து, நீளக் கம்பியால் இறுக்குங்கள். உள்ளே இருப்பது மெல்லிய பை செல்கள், அழுத்தம் இல்லாமல் விட்டால் ஊதும்.

இப்போது உயிர் பற்றிய பகுதி. 60 வோல்ட்டுக்கு மேற்பட்ட நேர்மின்சாரம் ஆபத்தானது என்றுதான் வாகனச் சட்டங்களே வகைப்படுத்துகின்றன, உங்கள் கையில் இருப்பது 115 வரை ஏறும். மோதிரம், மணிக்கூடு, சங்கிலி எல்லாவற்றையும் கழற்றி வையுங்கள். ஆயிரம் வோல்ட் கையுறை போடுங்கள். ஸ்பானரின் கைப்பிடியை இன்சுலேஷன் ரேப்பால் நுனி வரை சுற்றுங்கள். கராஜில் தனியாக இந்த வேலையைச் செய்யாதீர்கள், மின்சாரம் தெரிந்த ஒருவர் பக்கத்தில் நிற்கட்டும். எல்லாவற்றையும் நிறுத்திய பிறகும் கொன்ட்ரோலரின் கப்பாசிற்றரில் மின் தங்கியிருக்கும், சில நிமிடம் பொறுத்து, மீற்றரால் அளந்து, பூச்சியம் என்று கண்ணால் பார்த்த பிறகே தொடுங்கள்.

முன் பெட்டிக்கும் பின் பெட்டிக்கும் தனித்தனி பியூஸ், தனித்தனி கொன்டாக்டர் (பெரிய மின்சாரத்தை இணைத்துத் துண்டிக்கும் ரிலே) வையுங்கள். சாவியை நிறுத்தினால் காருக்கு அடியில் போகும் தடித்த கேபிளில் உயிர் இருக்கக் கூடாது. கேபிள் 70 சதுர மில்லிமீற்றர், செம்மஞ்சள் உறை, பின் அச்சுக்குச் சுழற்சி கொண்டுபோகும் கார்டன் அச்சிலிருந்து விலகி, தகரத்தைத் தாண்டும் ஒவ்வொரு இடத்திலும் ரப்பர் வளையம். மோதினால் தானாக வெட்டும் இனேர்ஷியா சுவிட்ச் ஒன்றும், கையால் பிடுங்கும் துண்டிப்பு ஒன்றும் வேண்டும். கொன்டாக்டர் மூடும் முன் ஒரு ரெசிஸ்டர் வழியாகக் கப்பாசிற்றரை மெல்ல நிரப்பும் வழியும் கட்டாயம், அது இல்லாமல் நேரே மூடினால் முதல் அடியிலேயே கொன்டாக்டரின் முகங்கள் உருகி ஒட்டிக்கொள்ளலாம், பிறகு சாவியை நிறுத்தினாலும் மின்சாரம் நிற்காது.

மைனர் போன்ற பழைய பிரித்தானியக் கார்களில் இருக்கும் ஒரு பொறி இது, புதிய கார்களுக்கு எழுதிய வழிகாட்டிகளில் இதைக் காண மாட்டீர்கள். மைனரின் 12 வோல்ட் மின்சாரம் பொசிட்டிவ் ஏர்த். அதாவது பற்றரியின் பொசிட்டிவ் முனைதான் உடலோடு சேர்ந்திருக்கும். டைனமோவுக்குப் பதிலாக, பெரிய பற்றரியிலிருந்து 12 வோல்ட் எடுத்துத் தரப் போடும் டிசி-டிசி கன்வேர்ட்டரில் பெரும்பாலும் நெகற்றிவ் முனை அதன் உலோக உறையோடு சேர்ந்திருக்கும். அதை அப்படியே பொசிட்டிவ் உடலில் போல்ட் போட்டால் நேரடி ஷோர்ட், புகை வரும். ஆகவே முதலில் காரை நெகற்றிவ் ஏர்த்துக்கு மாற்றுங்கள், 12 வோல்ட் பற்றரி வயர்களை இடம் மாற்றுவதுதான் முக்கிய வேலை. பல்புகளுக்கும் ஹோர்னுக்கும் எந்தத் திசையும் சரி. பழைய ரேடியோ இருந்தால் அதற்கு மட்டும் கவனம். 105 வோல்ட் பக்கத்தின் எந்த முனையும் உடலோடு சேரக் கூடாது, இரண்டு முனைக்கும் உடலுக்கும் இடையில் இன்சுலேஷன் ரெஸ்டரால் அளந்து பாருங்கள். சட்டம் கேட்பது ஒரு வோல்ட்டுக்கு 100 ஓம்தான், ஆனால் புதிதாகச் செய்த வேலையில் மெகா ஓம் வராவிட்டால் எங்கோ ஈரமோ உரசலோ இருக்கிறது.

ஒவ்வொரு செல்லையும் பார்த்துக்கொண்டிருக்கும் பிஎம்எஸ் இல்லாமல் ஒரு நாளும் சார்ஜ் போடாதீர்கள். வேறு சொல்ல அதில் ஒன்றும் இல்லை. சார்ஜ் வாயை நான் பெற்றோல் ஊற்றிய இடத்திலேயே வைத்தேன். வயர் செருகியிருக்கும்போது கார் நகராதபடி ஒரு பூட்டு வையுங்கள். வீட்டு மூன்று முள் சொக்கற்றில் 10 அம்பியரில் போட்டால் ஒரு இரவு போதும்.

பிரேக். மைனருக்கு நாலு சில்லிலும் டிரம், பெடலை அழுத்த உதவும் சேர்வோ கிடையாது, நாலுக்கும் ஒரே எண்ணெய்ச் சுற்று. மாஸ்ரர் சிலிண்டர் சாரதியின் காலடியில், தகரத்துக்குக் கீழ் இருக்கிறது, தண்ணீர் பட்டுப் பட்டு உள்ளே பழுதாகும். சேர்வோ இல்லாததால் வேறு மின்கார் மாற்றங்களில் தேவைப்படும் வெற்றிடப் பம்ப் இங்கே தேவையில்லை, அது ஒரு நிம்மதி. மாஸ்ரர் சிலிண்டரையும் குழாய்களையும் புதிதாகப் போடுங்கள், முடிந்தால் முன்னுக்கு டிஸ்க் மாற்றுங்கள், மொறிஸ் மரீனாவின் பாகங்களைக் கொண்டு அதைச் செய்வது இங்கே பலகாலப் பழக்கம். பின் ஸ்பிரிங்குக்கு ஒரு தகடு கூட்ட வேண்டி வரும்: 30 லீற்றர் பெற்றோல் 22 கிலோதான், அந்த இடத்தில் இப்போது 68 கிலோ இருக்கிறது. பெடலை விட்டதும் மோட்டரே இழுத்து நிறுத்தும் வசதியைக் குறைவாக வையுங்கள், அது பின் சில்லுகளை மட்டும்தான் பிடிக்கும், மழை வீதியில் கூடுதலாகப் பிடித்தால் கார் பின்னால் சறுக்கித் திரும்பும். அந்த நேரத்தில் பிரேக் லைட் எரிய வைப்பதையும் மறக்க வேண்டாம்.

காகித வேலை நாட்டுக்கு நாடு வேறு. இங்கிலாந்தில் பதிவுப் புத்தகத்தில் எரிபொருள் மாறியதை வாகனப் பதிவு அலுவலகமான டிவிஎல்ஏவுக்கு அறிவிக்க வேண்டும், இன்சூரன்ஸ்காரருக்கு வேலை தொடங்கும் முன்பே சொல்ல வேண்டும். 40 வயது கடந்த, பெரிய மாற்றம் இல்லாத கார்களுக்கு வருடாந்தப் பரிசோதனை விலக்கு இருக்கிறது, எஞ்சினையே மாற்றிவிட்டு அந்த விலக்கைக் கேட்பது முறையல்ல, நான் வருடா வருடம் காட்டுகிறேன். இந்தியாவில் இருப்பவர்கள் கவனிக்க: அங்கே கராஜில் நீங்களே செய்து வீதியில் ஓட்ட முடியாது. அங்கீகாரம் பெற்ற கிட், அந்தக் கம்பனி அனுமதித்த ஆள் பூட்ட வேண்டும், அதுவும் 1990 ஜனவரி 1 அன்றோ அதற்குப் பின்னரோ செய்யப்பட்ட வண்டிக்கு மட்டும். ஆகவே பழைய அம்பாசடரை வாங்கும் முன் அது செய்யப்பட்ட ஆண்டைப் பாருங்கள்.

முதல் ஓட்டத்துக்கு, பின்பக்கச் சில்லுகளைத் தூக்கி வைத்து மெதுவாகச் சுழற்றிப் பாருங்கள், பிறகு வீட்டு வாசலில், பிறகு ஒழுங்கையில். முன்பு சாவியைத் திருப்பினால் பெற்றோல் பம்ப் டிக் டிக் என்று அடித்து நிற்கும். இப்போது கொன்டாக்டர் ஒரு தரம் டக் என்று சொல்லும், அவ்வளவுதான். முதல் நூறு கிலோமீற்றருக்குப் பிறகு எல்லா மின் இணைப்பையும் கையால் தொட்டு அல்ல, வெப்பமானியால் பாருங்கள், சூடாக இருக்கும் போல்ட் தளர்ந்த போல்ட். அடப்டர் தகட்டின் போல்ட்டுகளையும் ரோர்க் ரென்ச்சால் மீண்டும் இறுக்குங்கள்.

எண்ணெய் மாற்றும் வேலை போய்விட்டதால் காருக்கு அடியில் போவதையே மறந்துவிடுவோம், மைனரில் அது ஆபத்து. முன் சில்லுகளைத் தாங்கும் ட்ரனியன் திருகுப் புரியில் நிற்கிறது, கிறீஸ் இல்லாமல் தேய்ந்தால் ஒரு நாள் வளைவில் சில்லு அப்படியே உள்ளே மடியும். பழைய எண்ணெய் மாற்றும் தேதியையே கிறீஸ் அடிக்கும் தேதியாக வைத்துக்கொள்ளுங்கள். முன்பக்கத்தைத் தூக்கி, நிப்பிளைத் துணியால் துடைத்து, பழைய கறுப்புக் கிறீஸ் முழுதும் வெளியேறிப் புதியது ஓரத்தில் எட்டிப் பார்க்கும் வரை அடியுங்கள்.